லாகோஸ் போகிறவர்களுக்கு: வெயிலை விடுங்கள், கடல் எப்போது ஏறும் என்று பாருங்கள்

போர்ச்சுகலின் தென்கோடியில் அல்கார்வ் என்று ஒரு கரை இருக்கிறது. அரபியில் ‘அல் கர்ப்’ என்றால் மேற்கு. அதிலிருந்து வந்த பெயர். அந்தக் கரைக்கு ஆள் கூட்டுகிறவர்கள் முதலில் சொல்வது வெயிலைத்தான். வருடத்துக்கு 3000 மணி நேரத்துக்குக் குறையாத வெயில். பாதி வருடம் மேகத்துக்கு அடியில் கிடக்கும் இங்கிலாந்துக்காரருக்கு அது பெரிய விஷயம். நான் பயணத்தைச் சொன்னபோது அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: “காசு கொடுத்து வெயில் பாக்கப் போறியா?”

கேள்வி சரிதான். நமக்கு அங்கே புதிதாகக் கிடைப்பது வெயில் அல்ல. மஞ்சளும் செம்மண் நிறமுமாகக் கடல் அரித்து நிறுத்திய பாறைகள், ஐஸ் போட்டது போன்ற அட்லாண்டிக் தண்ணீர், கோடையில் இரவு ஒன்பது மணிவரை மறையாத வெளிச்சம். இந்த மூன்றும் நடந்து போகும் தூரத்தில் ஒரே ஊரில் கிடைப்பது லாகோஸில். அம்மாவைக் கூட்டிக்கொண்டு நான்கு இரவு அங்கே தங்கினேன். கார் எடுக்கவில்லை. முழங்கால் வலி உள்ள ஓர் அறுபத்தைந்து வயதுக்காரரோடு சுற்றிய அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில் விசாவும் மாதமும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு இருந்தால் ஷெங்கன் விசா வேண்டும். எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் மொத்தம் 90 நாள்தான் இருக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விண்ணப்பம் வாங்கும் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்கு முன் வரைக்கும் காலம் உண்டு என்று விதி சொன்னாலும், கோடையில் நேர்காணல் தேதி கிடைப்பதே பாடு. பல நாடுகளைச் சேர்த்துப் போகிறவர்கள், எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறார்களோ அந்த நாட்டின் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிரிட்டிஷ், கனடியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நம்மவர்களுக்குக் குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை. 2025 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய எல்லையில் கைரேகையும் படமும் பதிவு செய்யும் முறை வந்துவிட்டதால் அவர்களும் வரிசையில் கொஞ்சம் நிற்கத்தான் வேண்டும்.

மாதம் என்று கேட்டால் செப்டம்பர். ஆகஸ்டில் போர்ச்சுகல்காரர்களே விடுமுறைக்கு அங்கே இறங்கிவிடுவார்கள். அறை வாடகை ஏறிவிடும், மணலில் துண்டு விரிக்க இடம் தேட வேண்டும். மே, ஜூன் நல்ல மாதங்கள்தான், ஆனால் கடல் இன்னும் சூடாகியிருக்காது. செப்டம்பரில் தண்ணீர் 21, 22 டிகிரிக்கு வரும். அதுதான் அங்கே உச்சம். வங்கக்கடலின் 28 டிகிரியில் குளித்து வளர்ந்தவர்களுக்கு முதல் கால் வைக்கும்போது உயிர் போய் வரும். ஐந்து நிமிடத்தில் பழகிவிடும், அப்புறம் வெளியே வர மனசு வராது.

ஊர் போய்ச் சேருவது

ஒரு எச்சரிக்கை. விமானச் சீட்டு எடுக்கும் இணையதளத்தில் ‘லாகோஸ்’ என்று தட்டினால் நைஜீரியா வரும். அதற்கும் பெயர் வைத்தது போர்ச்சுகீசியர்கள்தான், ஆனால் நீங்கள் போக வேண்டியது அது அல்ல. போர்ச்சுகல் லாகோஸில் பயணிகள் விமான நிலையம் கிடையாது. லிஸ்பனுக்கோ ஃபாரோவுக்கோ சீட்டு எடுங்கள். இந்தியாவிலிருந்து துபாய், தோஹா, இஸ்தான்புல் வழியாக லிஸ்பன் போவது சுலபம். லண்டனிலிருந்து போகிறவர்களுக்கு ஃபாரோவே பக்கம்.

லிஸ்பனிலிருந்து ரயில் ஏறினால் துனெஷ் என்ற சந்திப்பில் இறங்கி உள்ளூர் ரயிலுக்கு மாற வேண்டும். எல்லாம் சேர்த்து நான்கு மணி நேரம். முன்கூட்டி வாங்கினால் சீட்டு மலிவு. பேருந்துக்கும் கிட்டத்தட்ட அதே நேரம்தான், ஆனால் மாற வேண்டாம். பெரிய பெட்டி இருந்தால் பேருந்தே மேல். லிஸ்பனில் செட் ரியோஷ் நிலையத்திலிருந்து புறப்படும், மெட்ரோவில் போய் இறங்கலாம். ஃபாரோ விமான நிலையத்தில் ரயில் கிடையாது. 16ஆம் எண் நகரப் பேருந்தில் ஊருக்குள் வந்து, அங்கிருந்து ரயில் பிடித்தால் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் லாகோஸ். அதுதான் தடத்தின் மேற்குக் கடைசி, தூங்கிப்போனாலும் பயமில்லை.

லாகோஸ் ரயில் நிலையம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஊர் இந்தப் பக்கம். நிலையத்தை விட்டு வெளியே வந்து, உல்லாசப் படகுகள் கட்டியிருக்கும் துறையைத் தாண்டி, நடைபாலத்தில் ஏறினால் ஊருக்குள் வந்துவிடலாம். பதினைந்து நிமிட நடை. வாடகை வண்டிக்கு அவசியமில்லை.

அறை

பழைய மதிலுக்கு உள்ளேயோ அதை ஒட்டியோ எடுங்கள். விளம்பரத்தில் ‘கடற்கரை அருகே’ என்று இருப்பவற்றில் பாதி மெய்யா ப்ராயா பக்கம், ஆற்றுக்கு அப்பால். நீளமான நல்ல மணல்தான், ஆனால் ராத்திரி சாப்பிட ஒவ்வொரு தடவையும் பாலம் தாண்டி வர வேண்டியிருக்கும். சமையலறை உள்ள அறையானால் இன்னும் நல்லது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். வாடகைக்கு மேல் ஆளுக்கு இரவுக்கு ஓரிரு யூரோ நகராட்சி வரி கேட்டால் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம், அல்கார்வின் பல ஊர்களில் அது உண்டு.

எங்கள் வீட்டுக்கார அம்மாவுக்கு ஆங்கிலம் அரைகுறை, என் அம்மாவுக்கு அதுவும் இல்லை. அவர் வீட்டைக் காட்டிய விதத்தை மறக்க முடியாது. கையில் சாவியைக் கொடுத்து “ஷாவ்” என்றார். ஜன்னல் கதவைத் திறந்து “ஜனேலா” என்றார். அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். “வராண்டா” என்று வெளியே கை காட்டினார். “மேசா.” அலமாரியைத் திறந்து “அர்மாரியு” என்று சொல்லி அதிலிருந்து இரண்டு “துவாள்யா” எடுத்துக் கொடுத்தார். “இந்தம்மா தமிழ்ல பேசுதேடா!” என்றார் அம்மா. சாவி, ஜன்னல், வராந்தா, மேசை, அலமாரி, துவாலை எல்லாம் 16ஆம் நூற்றாண்டிலிருந்து கப்பலில் நம்மிடம் வந்த சொற்கள். அந்தக் காலத்துப் போர்ச்சுகீசியர் சாவியை ‘ச்சாவெ’ என்றுதான் சொன்னார்கள். பிறகு அவர்கள் மாற்றிக்கொண்டார்கள், நாம் மாற்றவில்லை. இலங்கைக்காரர்கள் என்றால் பாடு இன்னும் குறைவு: ரொட்டிக் கடையில் பாண் கேட்கலாம், கதிரையில் உட்காரலாம், கடற்கரையில் சப்பாத்தைக் கழற்றலாம், மூன்றும் புரியும்.

வணக்கத்துக்குக் காலையில் ‘போம் தீய’, மதியத்துக்கு மேல் ‘போவ தார்து’. நன்றிக்கு ஆண் சொன்னால் ஒப்ரிகாது, பெண் சொன்னால் ஒப்ரிகாதா. கடைக்குள் நுழையும்போது வணக்கம் சொல்லாமல் விலை கேட்டால் முகம் கொஞ்சம் இறுகும்.

கடற்கரை: இங்கேதான் நேரம் முக்கியம்

லாகோஸில் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாகப் பாறைக் கடற்கரைகளுக்குப் போவது. தோனா ஆனா, கமீலு இரண்டும் கிழக்கு பார்த்தவை. காலையில் பாறை முழுக்கப் பொன்னாக எரியும். சாயங்காலமானால் முதுகுப் பக்கத்துக் குன்றின் நிழல் மணலை மூடிவிடும். வெயில் வேண்டாம் என்கிற நமக்குக்கூட அந்தத் தண்ணீரிலிருந்து எழுந்து நிழலுக்கு வந்தால் பல் கிட்டும். காலை எட்டரைக்கு அங்கே இருங்கள்.

அடுத்தது கடல் ஏற்றமும் இறக்கமும். சென்னையில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மீட்டரை ஒட்டித்தான், அதனால் நாம் அதைக் கவனிப்பதே இல்லை. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மூன்று மீட்டருக்கு மேல் போகும். இறக்கத்தின்போது பாறைக்கு வெளியே நடந்து பக்கத்துக் கடற்கரைக்குப் போய்விடலாம்; ஆறு மணி நேரத்தில் அதே இடத்தில் தலைக்கு மேல் தண்ணீர். முதல் நாள் காலை பத்து மணிக்கு ஒரு சின்ன மணல்திட்டில், தண்ணீரிலிருந்து இருபதடி தள்ளி, பையையும் செருப்பையும் வைத்தேன். பதினொன்றரைக்குத் திரும்பிப் பார்த்தால் அம்மாவின் ஒரு செருப்பு மிதந்துகொண்டிருக்கிறது. இன்னொன்றைக் காணோம். பை நனைந்தது என் தப்பு. செருப்புக்கு மூன்று நாள் பேச்சு கேட்டேன். ஊர் பெயரையும் ‘மாரே’ என்ற சொல்லையும் போட்டுத் தேடினால் அன்றைய அட்டவணை வரும். ப்ரேய மார் என்றால் முழு ஏற்றம், பாய்ஷ மார் என்றால் முழு இறக்கம். இறக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னே போய், ஒரு மணி நேரம் பின்னே திரும்புவது பாதுகாப்பு.

மூன்றாவது, பாறை அடியில் உட்காராதீர்கள். நிழல் இருக்கிறதே என்று கால் அங்கேதான் போகும். இந்தச் சுண்ணாம்பு மணற்கல் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. 2009இல் அல்புஃபைரா அருகே மரியா லூயிசா கடற்கரையில் பாறை சரிந்து ஐந்து பேர் இறந்தார்கள். கல் விழும் படம் போட்ட பலகைகள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல.

கொடிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். பச்சை என்றால் நீந்தலாம். மஞ்சள் என்றால் கால் நனைக்கலாம், நீந்தக் கூடாது. சிவப்பு என்றால் தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது. நீலமும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட கொடி பறந்தால் காவலர் தற்காலிகமாக இல்லை என்று பொருள். அவசரத்துக்கு எண் 112.

முழங்கால்காரர்களுக்கு ஒரு கணக்கு. கமீலுவுக்கு இருநூறு மரப் படிகள், திரும்பி ஏறவும் அதே இருநூறு. அம்மா மேலே நின்று பார்த்ததோடு சரி. மேலிருந்து பார்ப்பதுதான் அழகு என்று பிறகு தீர்ப்பும் சொன்னார், அதில் பாதி உண்மை. படி இல்லாமல் போக வேண்டுமானால் கோட்டையை ஒட்டிய பத்தாத்தா கடற்கரை இருக்கிறது. உருளைக்கிழங்கு என்று பொருள். யார் வைத்த பெயரோ. அதிலிருந்து பாறைக்குள் குடைந்த வழியாகப் போனால் எஷ்துதாந்திஷ் கடற்கரை, இரண்டு பாறைகளுக்கு நடுவே பழைய கல் வளைவோடு. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மெய்யா ப்ராயாதான் சரி. நான்கு கிலோமீட்டர் மணல், பாறை பயமில்லை.

போன்தா தா பியதாத்

ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தெற்கே ஒரு முனை. உச்சியில் கலங்கரை விளக்கம். இதைப் பார்க்காமல் லாகோஸ் போனேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. தூண்களாக, வளைவுகளாக, யானைத் தும்பிக்கையாக நிற்கும் பாறைகளை மேலிருந்து மரப் பலகை நடைபாதையில் பாருங்கள், அது இலவசம். பிறகு கீழே தண்ணீரிலிருந்து பாருங்கள். பெரிய படகு குகைக்குள் நுழையாது. சின்னப் படகாகக் கேட்டு எடுங்கள், அல்லது துடுப்புப் படகு. காலை முதல் சவாரியில் கடல் படுத்திருக்கும். மதியத்துக்கு மேல் வடக்கிலிருந்து ‘நொர்தாதா’ என்ற காற்று கிளம்பி அலையைக் கிளறிவிடும்.

அந்தக் காற்றைப் பற்றி ஒன்று. ‘நமக்கெல்லாம் சன் ஸ்கிரீன் எதற்கு, கறுத்த தோல்’ என்றுதான் நானும் போனேன். காற்று குளிர்ச்சியாக இருப்பதால் சுடுவது தெரியவே தெரியாது. இரண்டு மணி நேரம் துடுப்புப் போட்டுவிட்டு வந்த ராத்திரி மூக்கும் பிடரியும் உரிந்தன. தொப்பியும் களிம்பும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெனாஜில் குகைக்கும் இங்கிருந்து படகு விடுகிறார்கள். கிழக்கே தூரம் அதிகம். 2024இலிருந்து அதற்குள் நீந்திப் போகவும் மணலில் இறங்கவும் அனுமதியில்லை. படகிலிருந்தபடி எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். எனக்கு அது தேவையாகப் படவில்லை.

சாப்பாடு

உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ் காய், சின்ன டப்பாவில் மத்தி மீன் மசியல் கொண்டுவந்து வைப்பார்கள். அன்பு அல்ல, அதற்குத் தனிக் காசு. கூவெர்து என்று பில்லில் வரும். வேண்டாமென்றால் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கண்ணாடிப் பெட்டியில் ஐஸ் மேல் இருக்கும் பெரிய மீனுக்கு விலை கிலோ கணக்கில். எடை போட்டுத் தொகையைக் கேட்டபின் தலையாட்டுங்கள். ‘மெய்யா தோஸ்’ என்றால் அரைப் பங்கு, அதுவே ஒருவருக்குத் தாராளம். மதியம் ‘ப்ராத்து து தீய’ என்று பலகையில் எழுதியிருப்பது அன்றைய சாப்பாடு. வயிறும் நிறையும், காசும் மிஞ்சும்.

சாப்பிட வேண்டியது கரியில் சுட்ட மத்தி. கல் உப்பு தவிர எதுவும் போடுவதில்லை. நம் வீட்டு மத்திக் குழம்பை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அப்புறம் கதப்லானா, இரண்டு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடிய மாதிரியான செம்புப் பாத்திரத்தில் மட்டியும் இறாலும் தக்காளியும் வேகும். மேசையில் வைத்துத் திறக்கும்போது வரும் ஆவிக்கே கொடுக்கலாம் காசு. காரம் போதாதென்றால் ‘பிரி பிரி’ கேளுங்கள், மிளகாய் எண்ணெய் வரும். நமக்கு மிளகாயைக் கொண்டுவந்து கொடுத்ததே இவர்கள்தான், அதனால் உரிமையோடு கேட்கலாம்.

சைவம் கஷ்டம்தான், பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ‘செம் கார்ன், செம் பெய்ஷ்’ என்றால் கறியில்லாமல், மீனில்லாமல். காய்கறி சூப் என்று இருந்தாலும் உள்ளே தொத்திறைச்சித் துண்டு கிடக்கலாம், கேட்டுவிடுங்கள். அறையில் அடுப்பு இருந்தால் கவலையே இல்லை. ஐரோப்பாவில் அரிசியை அதிகம் சாப்பிடுகிறவர்கள் இவர்கள். எந்தக் கடையிலும் கிடைக்கும். ‘அகுலா’ என்று போட்ட நீள அரிசியை வாங்குங்கள், ‘கரோலினு’ குழைந்துவிடும்.

சமையலறை என்று சொன்னதற்குக் காரணம் ஆற்றங்கரைச் சாலையில் இருக்கும் நகராட்சிச் சந்தை. கீழே மீன், மேலே காய்கனி. காலையிலேயே போய்விடுங்கள், ஞாயிறு கிடையாது. அம்மா அங்கே வேறு ஆளாகிவிட்டார். நேராக ஒரு மீன்காரப் பெண்ணிடம் போய், விரலால் செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணைப் பார்த்து, உதட்டைச் சுழித்து, அடுத்த தட்டைக் காட்டினார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே உள்ளேயிருந்து வேறு ஒரு சங்கரா மாதிரி மீனை எடுத்து வைத்தாள். செதில் உரித்து, குடல் எடுத்துத் தருவது விலையிலேயே அடக்கம். ஒரு சொல்கூடப் பேசாமல் வியாபாரம் முடிந்தது. சனிக்கிழமை இருந்தால் பேருந்து நிலையத்தை ஒட்டி விவசாயிகள் சந்தையும் உண்டு. அத்திப்பழம் அங்கே வாங்குங்கள்.

காபிக்கு, சின்னக் கோப்பையில் கெட்டியாக வேண்டுமென்றால் ‘பீகா’. பாலோடு வேண்டுமென்றால் ‘மெய்யா து லெய்த்து’, பாதி காபி பாதி பால். நம் நாக்குக்கு அதுதான்.

ஊருக்குள் ஒரு மத்தியானம்

மதியம் மணலை விட்டு ஊருக்குள் வந்துவிடுங்கள். தெருவெல்லாம் பதித்திருக்கும் வெள்ளைக் கல் பல நூறாயிரம் கால் பட்டு வழவழத்துப் போயிருக்கிறது. தேய்ந்த செருப்பு வழுக்கும். அம்மாவுக்குப் புதுச் செருப்பு வாங்க வேண்டியிருந்தது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று.

சாந்து அந்தோணியு தேவாலயத்தின் உட்புறம் முழுக்கத் தங்க ரேக்கு ஒட்டிய மரச் சிற்பம். வெளியே பார்த்தால் ஒன்றுமில்லாதது போல இருக்கும், விட்டுவிடாதீர்கள். திங்கட்கிழமை அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். ஜில் ஏனெஷ் சதுக்கத்தில் விண்வெளி வீரன் மாதிரி ஒரு சிலை நிற்கும். அது அரசன் செபஸ்தியான். 1578இல் இந்த ஊர் வழியாக மொராக்கோவுக்குப் படையெடுத்துப் போய்த் திரும்பாதவன்.

ஆனால் நீங்கள் கட்டாயம் நிற்க வேண்டிய இடம் ஆற்றோரச் சதுக்கத்தில், வளைவு வைத்த ஒரு சின்னக் கட்டடம். அடிமைச் சந்தை. 1444 ஆகஸ்டில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்த 235 பேரை இந்த ஊரில் இறக்கிப் பங்கு போட்டார்கள். இளவரசர் ஹென்றி குதிரை மேலிருந்து பார்த்தார். தாயும் பிள்ளையும் பிரிக்கப்பட்டபோது எழுந்த அழுகையை அக்கால வரலாற்றாசிரியர் சுராரா எழுதிவைத்திருக்கிறார். 2009இல் மதிலுக்கு வெளியே வாகன நிறுத்தத்துக்குத் தோண்டியபோது, பழைய குப்பைமேட்டில் 150க்கு மேற்பட்ட ஆப்பிரிக்கர்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. சிலவற்றின் கைகள் கட்டப்பட்டிருந்தன. கட்டடம் இப்போது அருங்காட்சியகம். அரை மணி நேரம் போதும். அதே சதுக்கத்தில் ஹென்றிக்குச் சிலை இருக்கிறது. நான் அதைப் படம் எடுக்கவில்லை.

ஒரு நாள் வெளியே

சாக்ரெஷ் போங்கள், 33 கிலோமீட்டர், பேருந்தில் ஒரு மணி நேரம். அங்கிருந்து ஆறு கிலோமீட்டரில் சாவு விசெந்து முனை, ஐரோப்பாவின் தென்மேற்குக் கோடி. சட்டை பறக்கும் காற்று. ஆகஸ்டிலும் மேலங்கி வேண்டும். சூரியன் மறைவதைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள், ஆனால் கோடையில் அது ஒன்பதை நெருங்கும். திரும்பும் கடைசிப் பேருந்து எப்போது என்பதைப் பார்த்துவிட்டே முனைக்குப் போங்கள். காற்று ஒத்துவராது என்றால் ரயிலில் சில்வெஷ், செந்நிற மணற்கல் கோட்டை உள்ள ஊர். நிலையம் ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி என்பது நினைவிருக்கட்டும்.

சில்லறை விஷயங்கள்

குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். நம் ஊர் மூன்று முனை பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் வேண்டும். பணம் எடுக்க ‘மல்டிபாங்கு’ என்று எழுதிய வங்கி இயந்திரமே நல்லது. ரூபாயிலா யூரோவிலா என்று கேட்டால் யூரோ என்று அமுக்குங்கள், ரூபாய் என்றால் மாற்று விலையில் கை வைத்துவிடுவார்கள்.

ஊருக்குக் கொண்டுபோக ‘தோன் ரொத்ரீகு’ வாங்கலாம். முட்டை மஞ்சளை இழையாகப் பாகில் விட்டு, பாதாமும் பட்டையும் சேர்த்து, வண்ணத் தாளில் முடிச்சுப் போட்ட இந்த ஊர் இனிப்பு. அதிக நாள் தாங்காது.

ரயிலுக்குக் கிளம்பும்போது கால் மணி நேரம் கூட வைத்துக்கொள்ளுங்கள். நடைபாலம் படகு வந்தால் தூக்கிக்கொள்ளும். எங்கள் ரயிலுக்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது அது மேலே போனது. ஒரு பாய்மரப் படகு, அவசரமே இல்லாமல், கடந்து போய்க்கொண்டிருந்தது. நான் கடிகாரத்தைப் பார்க்க, அம்மா பெட்டி மேல் உட்கார்ந்து, ஊருக்கென்று வாங்கிய தோன் ரொத்ரீகுவில் ஒன்றின் தாளைப் பிரித்தார்.